குரல் ஒருவர்க்கு, புகழ் வேறொருவர்க்கா?



முதுபெரும் பாடகி ஒருவர் புதிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறார். அவர் குரலுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஆடிவந்த சுவைஞர்கள் அதனைத் திருவிழாப்போல் வரவேற்கின்றனர். மேலைநாட்டு ஆடலரங்கில் நிகழும் இவ் வரவேற்பில் தமிழர்க்கு என்ன வேலை என்று நம்முள் சிலர் வினவக்கூடும். திரைநடிகர்தம் வானளாவிய படங்களுக்குப் பாலூற்றும் பித்தர்களைக் கண்டு கண்டு உள்ளம் கசந்துபோன நமக்குச் 'சுவைஞர் ஆர்வம்' என்னும் சொல்லே வெறுப்பூட்டுவதும் இயல்பே. ஆயினும் எல்லா ஆர்வமும் ஒரு தன்மையது அன்று. முகத்தை வழிபடும் ஆர்வம் ஒன்று. உழைப்பை அறிந்து போற்றும் ஆர்வம் மற்றொன்று. முன்னது மாந்தனை அடிமையாக்கும். பின்னது, பறிகொடுத்தவர்க்கு அவர்தம் உரிமையை மீட்டுத் தரும். இவ் வேறுபாட்டை விளங்கக் காட்டுவது அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மார்த்தா வாசு அம்மையாரின் வரலாறு.

முதலில் அவர் குரல் ஒலித்த களத்தை அறிதல் வேண்டும். 1970-களில் அமெரிக்க நகரங்களில் 'டிசுக்கோ' என்னும் ஆடலிசை பரவியிருந்தது. கறுப்பினத்தாரும், இசுபானிய வழியினரும், ஒருபால் காதலர் என்று குமுகம் ஒதுக்கி வைத்தவர்களும் அச்சமின்றிக் கூடிக் களித்த அரங்குகளில் வளர்ந்த இசை அது. 1979 சூலை 12-ஆம் நாள், சிக்காகோவின் கோமிசுக்கி விளையாட்டரங்கில், வானொலி அறிவிப்பாளர் ஒருவர் முன்னின்று டிசுக்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். திரண்டிருந்த கூட்டம் திடலுள் பாய்ந்தது. அடுத்து நடக்கவிருந்த ஆட்டமே கைவிடப்பட்டது. ஒரு மக்களின் இசையை வெடிமருந்தால் அழித்துவிடலாம் என்று எண்ணினர் போலும்!

அழிந்ததா? இல்லை. அதே சிக்காகோவில் 1977-இல் 'வேர்அவுசு' என்னும் ஆடலரங்கு தொடங்கப்பெற்றிருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கில்சு என்னும் கறுப்பின இளைஞர் அங்கே இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இழைத்து, தாளத்தை நீட்டி, இரவு முழுவதும் மக்களை ஆடச்செய்தார். வேர்அவுசு என்பதற்குக் கிடங்கு என்று பொருள். பெயரின் பின்பாதி மட்டும் நிலைத்து, அவ் வரங்கின் வழி வந்த இசைக்கு 'அவுசு' என்று பெயராயிற்று. நாம் அதனைக் கிடங்கிசை என்போம். நிமையத்திற்கு ஏறத்தாழ 120 முறை இடைவிடாது விழும் தாள அடி, அதன்மேல் கறுப்பினத்தார் திருச்சபைகளில் பாடிப் பழகிய உரங்கொண்ட குரல்: இவையே கிடங்கிசையின் உடலும் உயிரும். தாளத்தைப் பொறி தரும்; உயிரை மாந்தக் குரலே தரவேண்டும். அவ்வாறு உயிர் தந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே நம் வினா.

மார்த்தா வாசு 1953-இல் சான்பிரான்சிசுக்கோவில் பிறந்தவர். திருச்சபைப் பாட்டில் வளர்ந்தவர். சில்வெசுட்டர் என்னும் பெயர்பெற்ற பாடகர்க்குத் துணைக்குரல் பாடியவர். அவரும் தோழி ஐசோராவும் பருத்த உடலினர். அதனை நாணி மறைக்காமல், 'இரண்டு டன் களிப்பு' என்று பொருள்படும் பெயரையே தம் இணைக்குச் சூட்டிக்கொண்ட துணிவினர். 1982-இல் அவ் விருவரும் 'வெதர் கேர்ள்சு' என்னும் பெயரில் ஒரு பாட்டைப் பாடினர். டோனா சம்மர் முதலிய புகழ்மிக்க பாடகியர் பாட மறுத்த பாட்டு அது. இவர்கள் வாயில் அது உலகெங்கும் சென்றது. இன்றும் அது ஒலிக்காத ஆடல் விழா அரிது.

பின்னரே சூழ்ச்சி தொடங்கிற்று. 1980-களின் இறுதியில் 'பிளாக் பாக்சு' என்னும் இத்தாலிய இசைக்குழுவினர் முன்வரைவுப் பதிவுக்கென மார்த்தா வாசுவைக் கூலிக்குப் பாடவைத்தனர். அக் குரலையே 1990-இல் வெளியிட்ட தட்டில் பயன்படுத்திக்கொண்டனர். ஆனால் அட்டையிலும் காட்சிப் படங்களிலும் நின்றவர், வாயை மட்டும் அசைத்த மெல்லிய உடலினரான ஓர் அழகி. அதே ஆண்டு 'சி அன் சி மியூசிக் பாக்டரி' என்னும் அமெரிக்கக் குழுவும் அவ்வாறே செய்தது. கேட்போரை வியர்க்க வியர்க்க ஆடவைப்பதாகத் தலைப்பிட்ட அதன் பாட்டு 1991-இல் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அப் பாட்டை நிமிர்த்தி நிறுத்தியது மார்த்தா வாசுவின் முழக்கம். காட்சியில் அதற்கு வாயசைத்தவர் வேறொருவர்.

இவர் ஒருவர்க்கே இது நேர்ந்தது என்று கருதற்க. சிக்காகோவில் பிறந்த உலோலியாட்டா ஓலோவே என்னும் பாடகி 1980-இல் பாடிய பாட்டிலிருந்து குரல்துண்டுகளை வெட்டியெடுத்து, அதே பிளாக் பாக்சு குழுவினர் 1989-இல் ஒரு பாட்டை அமைத்தனர். சில நொடி ஒலியைக் கவர்ந்து வைத்துக்கொண்டு, விசையை அழுத்துந்தோறும் திரும்ப ஒலிக்கச் செய்யும் பொறி அதற்குத் துணைநின்றது. அப் பாட்டு பிரித்தானியாவில் ஆறு கிழமை முதலிடத்தில் நின்றது; அவ்வாண்டில் அங்கு மிகுதியாக விற்ற தட்டும் அதுவே. குரலுக்குரியவரோ தம் உரிமைக்காக வழக்கறிஞரை நாடவேண்டியவரானார்.

ஏன் இந்த மறைப்பு? பாடியவர் திறம் போதாது என்பதாலா? திறம் மிகுந்திருந்ததால்தானே திருடினர்! உடல் பருத்தவள், அகவை முதிர்ந்தவள், காட்சிக்கு ஒவ்வாள், ஆகவே குரலை வைத்துக்கொள், ஆளைத் துரத்து என்பதே வணிகர்தம் கணக்கு. இதில் சுவைஞர்க்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கலாகாது. காட்டிய முகத்தை நம்பி, அது யார் குரல் என்று ஒருமுறையும் வினவாமல் ஆடியவர் கோடிக்கணக்கினர். வினவாத ஆர்வமே ஏமாற்றுவோரின் முதல். வணிகர் கொள்ளையடித்தது பாடகியின் குரலை மட்டுமன்று. சுவைஞர்தம் அன்பையும் சேர்த்தே கொள்ளையடித்தனர்.

மார்த்தா வாசு அழுது ஒதுங்கவில்லை, வழக்குமன்றம் ஏறினார். இத்தாலியக் குழுவின் தட்டை வெளியிட்ட ஆர்.சி.ஏ. நிறுவனம் இணங்கிவந்து, இழப்பீட்டோடு அவர்தம் பெயரிலேயே தட்டு வெளியிடவும் உடன்பட்டது. 1993-இல் அவர் பெயரையே தலைப்பாகத் தாங்கிய தொகுப்பு வெளிவந்தது. அதிலுள்ள பாட்டுகளில் இரண்டு ஆடலிசை வரிசையில் முதலிடம் பெற்றன. மற்றை வழக்கு 1994-இல் உடன்பாட்டில் முடிந்தது. குரல் மார்த்தா வாசுவுடையது, திரையில் தோன்றுபவர் காட்சிக்குரியவர் மட்டுமே என்னும் குறிப்பைத் தொலைக்காட்சியில் சேர்க்குமாறு தட்டு நிறுவனமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இசைத்தட்டிலும் காட்சியிலும் பாடியவர் பெயரைக் குறிக்கவேண்டும் என்னும் முறை அந் நாட்டில் வலுப்பெற இவ் வழக்குகள் பெருங்கரணியம் ஆயின. ஒரு பெண்ணின் தன்மானம் ஒரு தொழிலின் ஒழுங்கையே திருத்திற்று!

இனி, புதுத் தொகுப்புக்கு வருவோம். பிறர் வாயிலில் நின்று பட்டறிந்த அவர் 'பர்ப்பிள் உரோசு' என்னும் தட்டு நிறுவனத்தைத் தாமே நிறுவினார். முதல் தொகுப்பு வந்து இருபது ஆண்டு கழித்து, 2013-இல் அதன் வழியே அடுத்த தொகுப்பை வெளியிட்டார். 2015-இல் ஈவ்லின் கிங், இலிண்டா கிளிபோர்டு என்னும் தம் காலத்துப் பாடகியர் இருவரோடு கூடி ஆடற்பாட்டு ஒன்றைத் தந்தார். 2020-இல், 66-ஆம் அகவையில், அன்பும் மோதலும் என்று பொருள்படும் தலைப்பில் மற்றுமொரு தொகுப்பை அளித்தார். இவை பழைய தாளத்தோடு நின்றுவிடாமல் பிற இசைவகைகளையும் தழுவின. குரல் அவருடையது, பெயர் அவருடையது, முகம் அவருடையது, தட்டும் அவருடையது. தன்னாட்சி என்பது நாட்டுக்கு மட்டும் உரியதோ? தொண்டைக்கும் தன்னாட்சி உண்டு!

இத்தகைய தொகுப்பை வாங்கிப் போற்றும் சுவைஞரின் ஆர்வத்தை எவ்வாறு பழிப்பது? பழம்புகழுக்குப் பாலூற்றும் செயலன்று அது. இளமையில் தாம் யார் குரலுக்கு ஆடினோம் என்பதைக் காலந்தாழ்ந்தேனும் அறிந்து, உரியவர்க்கு உரியதைச் செலுத்தும் கடன் அது. ஓலோவே 2011-இலும், நக்கில்சு 2014-இலும் மறைந்தனர். வேர்அவுசு இருந்த கட்டடத்தைச் சிக்காகோ நகராட்சி 2023-இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. சுவரைப் போற்றுவது நன்றே. ஆனால் வாழும் பாடகியை அவர் வாழுங்காலத்தே போற்றுவது அதனினும் நன்று.

"ஒருவர் இசையினின்று மற்றொருவர் எடுத்தாள்வது எங்கும் உள்ளதுதானே?" என்பர் சிலர். உள்ளதுதான். கொடுத்தலும் கொள்ளலும் இன்றி எக் கலையும் வளர்வதில்லை; கிடங்கிசையே பழைய தட்டுகளை இழைத்துப் பிறந்ததுதான். கொள்ளல் குற்றமன்று, கொண்டதை மறைத்தல் குற்றம். பெயர் சொல்லி எடுப்பது கடன். பெயரை அழித்து எடுப்பது களவு.

இவ் வேறுபாடு தமிழனுக்குத் தெரிந்ததுபோல் வேறு யார்க்குத் தெரியும்? நம் பண்களுக்கு வேற்றுமொழிப் பெயர் சூட்டி, நம் இசையை நமக்கே அயலிசைபோல் காட்டிய காலம் ஒன்று இருந்தது. அவ் விசையின் தமிழ் வேர்களைத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட தம் பெருநூலில் எடுத்துக்காட்டினார். தமிழ் மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிப்பதற்கே 1940-களில் அண்ணாமலையார் முதலியோர் ஓர் இயக்கம் நடத்தவேண்டியிருந்தது. குரல் நம்முடையது; மேடையில் நின்ற முகம் வேறு. மார்த்தா வாசு ஒருவர்க்கு நேர்ந்தது, நமக்கு ஓர் இனத்துக்கே நேர்ந்தது.

அது பழங்கதை என்று அமைதியுற வேண்டா. 2021-இல் உலகெங்கும் பரவிய 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் பாட்டை எழுதியவரும் பாடியவருள் ஒருவருமான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அப் பாட்டில் பதித்திருந்தார். அவ்வாண்டே அமெரிக்க இசை இதழ் ஒன்றின் இந்தியப் பதிப்பு அட்டையில், உடன்பாடியவர் படம் வந்தது. அறிவின் படம் வரவில்லை. சுவைஞர்கள் வாளா இருந்தார்களா? எதிர்த்தார்கள், வினவினார்கள். பின்னர் அவ்விதழ் அறிவுக்கெனத் தனி அட்டை வெளியிட்டது. வினவும் ஆர்வத்தின் வலிமை இதுவே.

ஆகலின் தமிழ் இளைஞரே! பாட்டைச் சுவைக்க வேண்டா என்று நாம் கூறவில்லை. எந் நாட்டுப் பாட்டாயினும், ஆடலுக்குரியதாயினும், நல்லிசை நல்லிசையே. ஆனால் வினவிச் சுவையுங்கள். திருவிழாவில் முழங்கும் பறைக்கும் நாகசுரத்துக்கும் உரிய கலைஞர் பெயர் அழைப்பிதழில் உண்டா என்று பாருங்கள். ஊர்ப்புறத்து ஒப்பாரியும் தாலாட்டும் திரைப்பாட்டாகி வரும்போது, அதனைப் பாடிக்காத்த கிழவியின் பெயர் எங்கே என்று கேளுங்கள். இல்லையெனின் எழுதுங்கள், எழுதியும் பயனில்லையெனின் வாங்க மறுங்கள். முகத்துக்குப் பாலூற்றும் கைகள், உழைத்த குரலுக்கு உரிய பெயரைப் பொறிக்கும் கைகளாக மாறட்டும்.

பாட்டைக் கேளுங்கள், பாடியவர் யார் என்றும் கேளுங்கள்!