அரிக்கமேட்டு மணி எவர் மணி?

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. மழை பெய்து மேட்டுமண் கரைந்தோடிய மறுநாள் அங்குள்ள சிறுவர் குனிந்து மணி பொறுக்குவது பல தலைமுறைப் பழக்கம். கடுகளவும் மிளகளவுமான கண்ணாடி மணிகள்; சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம், செம்மஞ்சள் எனப் பல நிறத்தன. அவற்றை வாங்கிப் பார்க்கும் படித்தவர் பலர் வாயினின்று முதலில் உதிரும் சொல் ‘உரோம மணி’ என்பது. பொறுக்கியவன் தமிழ்ச் சிறுவன்; கிடைத்த இடம் தமிழ்மண்; மணி மட்டும் யாங்ஙனம் உரோமத்ததாயிற்று?

இப்பெயர் வந்த வழியை முதலிற் காண்டல் வேண்டும். 1937-ஆம் ஆண்டில், புதுவையில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கைக்கு இம்மேட்டுச் செதுக்குமணி ஒன்று வந்தது. அதிலுள்ள தலையுரு உரோமப் பேரரசன் அகத்தசுடையது என அவர் கருதினார். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராய் வந்த மார்த்திமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்துப் பேழையொன்றில் உரோமரின் இருகைச் சாடித் துண்டைக் கண்டு வியந்தார். அத்துண்டின் பிறப்பிடம் தேடிப் புதுவை வந்தார். 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலியச் செந்நிறக் கலத்துண்டுகளும், தேறல் வந்த சாடிகளும், உரோமக் கண்ணாடிக் கிண்ண உடைசல்களும் வெளிப்பட்டன. 1946-இல் வெளிவந்த அறிக்கையின் தலைப்பிலேயே ‘இந்திய-உரோம வணிக நிலையம்’ என அவ்வூர்க்குப் பெயர் பொறித்தார்.

வீலர் பேரறிஞர். மண்ணை அடுக்கடுக்காய்ப் பிரித்துக் காலங்காணும் முறையை இந்நாட்டு இளைஞர்க்குக் கற்பித்தவர். அதனை மறைப்பது நன்றிகோறலாகும். ஆயின், இங்கிலாந்தில் வெருலாமியம் என்னும் உரோம நகரத்தை அகழ்ந்து பழகிய கண் அவருடையது. அக்கண் முதலில் எதைத் தேடுமோ அதைத் தேடிற்று. அவர்க்குப் பின் எழுதினோரோ தேடவும் இல்லை. ‘உரோம’ என்னும் அடைமொழியைச் சாடியினின்று எடுத்து ஊர்க்கு ஒட்டினர். ஊரினின்று எடுத்து மணிக்கும் ஒட்டினர். விருந்தினன் செருப்பு வாயிலிற் கிடந்தமையால் வீடே அவனதாயிற்று!

இக்கருத்தை முதலில் அசைத்தவர் விமலா பெக்லி அம்மையார். உரோமர் சாடி வந்திறங்குமுன்பே அரிக்கமேடு வாழ்ந்த ஊர் என்பதை அவர் 1983-இல் எடுத்தெழுதினார்; 1989 முதல் 1992 வரை நடந்த மீள்அகழ்வுக்கும் அவரே தலைமை தாங்கினார். மணிகளைத் தனியே ஆய்ந்தவர் அமெரிக்கர் பீட்டர் பிரான்சிசு. அவர் மணியை மட்டும் பார்க்கவில்லை. மணி செய்யும்போது கழிந்த குப்பையைப் பார்த்தார். இழுத்த கண்ணாடிக் குழல்களின் துண்டுகள், உருகிக் கட்டித்த கண்ணாடிப் பிண்டங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போன மணிகள் யாவும் அம்மேட்டிலேயே கிடந்தன. விற்கவந்தவன் சரக்கைக் கொண்டுவருவான். பட்டறைக் குப்பையைக் கப்பலேற்றிக் கொண்டுவருவானோ?

அம்மணி செய்முறையே ஒரு தனிக் கலை. உலையில் உருகிய கண்ணாடியைப் பெருங்கூம்பாகத் திரட்டி, இரும்புக் குழலும் கம்பியும் கொண்டு அதன் நடுவே துளை பிடிப்பர். கூம்பின் நுனியைக் கொக்கியாற் பற்றி இழுத்தால், உள்ளே துளையுடன் மெல்லிய குழல் நூல்போல் நீண்டுகொண்டே வரும். அதனைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். துளை அடையாமலும் மணிகள் ஒட்டாமலும் சாம்பல் காக்கும். வெட்டுமுனைகளின் கூர் மழுங்கி மணி உருண்டை பெறும். கணக்கற்ற மணிகளை ஒரே உலையில் ஈனும் இத்தொழிலின் எச்சத்தை ஆந்திரத்துப் பாப்பாநாயுடுப்பேட்டையில், இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலும், பிரான்சிசு நேரிற் கண்டார். உலைமுன் நின்ற அத்தொழிலாளர் எந்த உரோமனிடம் பயின்றனர்?

இத்தகு மணிகள் ஈழத்து மாந்தை, தாய்லாந்தின் குவான் லுக் பட், வியத்துநாமின் ஓக் ஈயோ எனக் கீழைக்கடல் நெடுகிலும் செய்யப்பட்டன. குவான் லுக் பட் என்பதற்கே ‘மணிமேடு’ என்பது பொருள். அங்கே ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழி எழுத்துப் பொறித்த பொற்கொல்லன் உரைகல்லும் கிடைத்தது. மேலைக்கடற்பக்கம் செங்கடல் துறையாகிய பெரனிகே வரையிலும் இம்மணிகள் சென்றன. அரிக்கமேடே இவற்றின் தொன்மையான தலையாய பட்டறை எனப் பிரான்சிசு எழுதினார். எனினும் அவர் வைத்த பெயர் ‘இந்தோ-பசிபிக் மணி’. அவர்க்கு முன்பிருந்தோர் ‘வணிகக்காற்று மணி’ என்றனர். கடலுக்கும் காற்றுக்கும் பெயரிற் பங்கு கிடைத்தது. உலைமுன் வெந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

உரோமர் வாய்மொழியே இதில் வேறு கதை சொல்கிறது. கி.பி. 79-இல் வெசூவிய எரிமலைச் சீற்றத்தில் இறந்த பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலில், பச்சைக்கல்லாகிய பெரில் இந்தியாவிலன்றிப் பிற இடங்களிற் கிடைப்பது அரிது என்கிறார். நீண்ட பெரிலை இந்தியர் பொன்னிற் பதியாமல் துளையிட்டு யானைமயிரிற் கோத்து அணிவர் என்றும், பளிங்குக்கு நிறமேற்றிப் போலிப் பெரில் செய்வதிலும் வல்லவர் என்றும் குறிக்கிறார். யானைமயிரை மோதிரமாகக் கட்டிக்கொள்ளும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை இருந்தமையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். தம் நாட்டுப் பொன் ஆண்டுதோறும் கீழ்த்திசைக்கு ஒழுகுகிறது எனப் பிளினி மனம் வெதும்பியதும் அந்நூலிலேயே உண்டு. அப்பொன்னுக்கு ஈடாக மிளகும் மெல்லாடையும் முத்தும் மணியும் அவர் நாட்டிற்குச் சென்றன.

பிளினி பொதுப்பட ‘இந்தியர்’ என்றார். அக்கல் விளைந்த இடங்களுள் ஒன்று காங்கேயத்தை அடுத்த படியூர். அதற்கு அணித்தே நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் உள்ளது; பதிற்றுப்பத்துப் புகழும் கொடுமணம் இஃதே என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, உடைத்த கல், பாதி தேய்த்த கல், துளை தொடங்கி விட்ட கல், முடிந்த மணி எனத் தொழிலின் எல்லாப் படிகளும் வெளிப்பட்டன. ஒரே கல்லறையில் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன.

இங்கே தமிழன்பர்க்கும் ஒன்று கூறல் வேண்டும். அச்சூதுபவளத்தின் மூலக்கல் கூர்ச்சரத்தினின்று வந்தது என்பதே ஆய்வாளர் கருத்து. கல் அங்கு, கை இங்கு. உள்ளடியில் வரிவரியாய் உருளைக்கோலம் இட்ட கலங்களை வீலர் உரோமத்தன என்றார். மண்ணை ஆய்ந்தபோது அவை கங்கைக் கழிமுகப் பகுதியின என்று தெரிந்தது. அவை உரோமத்தன அல்ல, தமிழகத்தனவும் அல்ல. உரோமக் கிண்ணம் உரோமக் கிண்ணமே. கிடைத்தவற்றையெல்லாம் தமிழன் செய்தான் என்று மேடையில் முழங்குவோர், கிடைத்தவற்றையெல்லாம் உரோமன் செய்தான் என்றாரின் பிழையையே மறுதலையாய்ச் செய்கின்றனர். அம்முழக்கத்தால் மெய்யான சான்றும் மதிப்பிழக்கிறது.

உரோம மணி என ஒன்று இல்லாமலில்லை. சப்பானில் கியோத்தோவை அடுத்த நாகாவோகாக்கியோ நகரத்து ஐந்தாம் நூற்றாண்டுப் புதைமேடொன்றில் மூன்று மணிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். வெளிறிய மஞ்சள் நிறம். கண்ணாடி அடுக்குகளுக்கிடையே பொற்றகட்டின் துகள். அவற்றைக் கண்டவுடன் எவரும் பெயரிட்டுவிடவில்லை. கண்ணாடியைப் பகுத்தாய்ந்து, உரோமப் பேரரசின் கைவினைஞர் கண்ணாடி உருக்கப் பயன்படுத்திய நேட்ரான் என்னும் உவர்ப்பொருள் இருப்பதைக் கண்ட பின்னரே, 2012-இல் நாரா ஆய்வு நிறுவனத்தார் அவை உரோமத்தனவாகலாம் என்று அறிவித்தனர்.

அதே அளவுகோல் அரிக்கமேட்டு மணிக்கும் உண்டு. நேட்ரான் கண்ணாடியில் அலுமினியக் கூறு குறைவு. தென்னாட்டு இழுப்புமணிக் கண்ணாடியிற் பெரும்பாலும் அது மிகுதி. மூன்று மணிக்குச் சப்பானியர் காட்டிய பொறுமையை, கூடைகூடையாய் மணி வழங்கிய மேட்டிற்குத் தமிழகமும் புதுவையும் காட்டுதல் வேண்டும். பகுத்தாய்ந்து உரோமத்தது எனத் தெரிந்த மணிக்கு ‘உரோம மணி’ எனச் சீட்டு எழுதுக. மற்றவற்றின் பேழையில் ‘அரிக்கமேட்டுப் பட்டறையிற் செய்த இழுப்புமணி’ என ஊரும் முறையும் விளங்கத் தமிழில் எழுதுக. பக்கத்திலேயே, உலையிற் கெட்டு ஒட்டிப்போன அம்மணிக் கட்டிகளையும் வைத்துக் காட்டுக.