என் மகள் ஏன் மேலே இல்லை?

சியர்லீடிங் என்றதும் பலருக்கு ஐபிஎல் மைதானத்தில் ஆடிய பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அமெரிக்காவிலோ அது 1898-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமாச்சாரம். இன்று அங்கே சிறுவர் சிறுமியருக்கென்று பொழுதுபோக்கு அணிகள் ஏராளம். பயிற்சியாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவருக்குப் பெரிய தலைவலி பிள்ளைகள் அல்ல, பெற்றோர்கள்!

சண்டை எங்கே ஆரம்பிக்கிறது? கீழே இருவர் தாங்குவார்கள். பின்னால் ஒருவர் நின்று, விழுந்தால் தலையையும் கழுத்தையும் காப்பார். மேலே நிற்பவர் ஃப்ளையர். எல்லார் கண்ணும் ஃப்ளையர் மேல்தான். பணம் கட்டிய அம்மாவுக்கு வருத்தம் வருவது இயல்பு. அதற்குப் பயந்து, இன்னும் தயாராகாத பிள்ளையை மேலே ஏற்றினால் அடிபடப்போவது நான்கு பிள்ளைகள்.

ஆகவே சீசன் தொடங்கும் முன்பே பெற்றோரைக் கூட்டி, யாருக்கு எந்த இடம், எதனால் என்று சொல்லிவிட வேண்டும். அங்கே பல அணிகளில் '24 மணி நேர விதி' உண்டு. போட்டி முடிந்த கையோடு புகார் கூடாது. ஒரு நாள் கழித்துப் பேசலாம். நல்ல விதி. பேசும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது. அடுத்த பிள்ளையோடு ஒப்பிடவும் கூடாது.

பயிற்சியாளரும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். "உங்கள் மகள் அசையாமல் தாங்குவதால்தான் மேலே ஒருத்தி நிற்கிறாள்" என்று சொன்னாலே பாதிக் கோபம் தணியும். அதற்கும் மசியாதவரிடம் கனிவாக, ஆனால் உறுதியாக, முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவின் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். கழுத்தில் பட்ட அடி அப்படி ஆறுமா, நீங்களே சொல்லுங்கள்.