தண்டவாளம் அகன்றது, அடுப்பு அணைந்தது

அசாமின் தெற்கே, பராக் பள்ளத்தாக்கில் பஞ்ச்கிராம் என்றொரு சிற்றூர். இந்துஸ்தான் காகிதக் கழகம் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கச்சார் காகித ஆலை, 1988இல் அங்கே வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 1 லட்சம் டன் காகிதம் செய்யும் திறன் அதற்கு இருந்தது. 2015 அக்டோபரில் அதன் இயந்திரங்கள் நின்றன. பிறகு ஓடவேயில்லை.

ஆலை நஷ்டத்தில் விழுந்தது என்று ஒரே வரியில் கதையை முடிக்கிறார்கள். நாம் அந்த வரியோடு நிற்க மறுக்கிறோம். ரயில் பாதையைப் பற்றிக் கேட்கிறோம்.

ஒரு டன் காகிதத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல் மூங்கில் வேண்டும். கொதிகலனுக்கு நிலக்கரி வேண்டும். கூழ் காய்ச்ச ரசாயனம் வேண்டும். இத்தனை சுமையையும் மலைகளுக்கு நடுவே உள்ள ஓர் ஊருக்கு மலிவாகக் கொண்டுசேர்க்க ரயிலைவிட்டால் வழியில்லை. லம்டிங்கிலிருந்து வரும் பழைய மீட்டர்கேஜ் மலைப்பாதைதான் அந்த வட்டாரத்தின் உயிர்நாடி. அதை அகலப்பாதையாக்க 1996இல் அடிக்கல் நாட்டினார்கள். 2014 அக்டோபர் 1 அன்று பழைய பாதையை மூடினார்கள். இடையில் 18 ஆண்டுகள்! பாதை ஒருநாள் மூடப்படும் என்பது 18 ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அந்த நாளுக்காக ஆலைக்குச் செய்துவைத்த ஏற்பாடு என்ன?

ரயிலும் மத்திய அரசினுடையது. ஆலையும் மத்திய அரசினுடையது. முதலாளி ஒருவரே. வலக்கை கதவைச் சாத்தும்போது உள்ளே இருப்பவனுக்குச் சோறு உண்டா என்று இடக்கை பார்க்கவில்லை. இதை விபத்து என்பதா, அலட்சியம் என்பதா?

பாதை மட்டுமே ஆலையைக் கொன்றது என்று நாம் சொல்லவில்லை. 2007ஐ ஒட்டி மிசோரம் மலைகளில் மூங்கில் பூத்துப் பட்டுப்போனது. 2014 ஏப்ரலில் மேகாலயாவின் எலிவளைச் சுரங்கங்களைப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. பக்கத்து நிலக்கரியும் அரிதாயிற்று. அப்படி நலிந்து கிடந்த ஆலையின் வாசலில்தான் ரயிலும் நின்றுபோனது. அகலப்பாதையில் சரக்கு ரயில் 2015 மார்ச்சில் ஓடத் தொடங்கியது உண்மைதான். ஆறு மாதம் பட்டினி கிடந்தவனுக்கு ஏழாம் மாதம் வெறும் இலையைப் போட்டால் போதுமா? மூங்கில் வாங்கவும் கரி வாங்கவும் கையில் முதல் வேண்டாமா? அதைக் கொடுப்பார் இல்லை. பயணிகள் ரயில் கொடியசைத்துப் புறப்பட்டது 2015 நவம்பரில். அதற்கு முந்தைய மாதமே ஆலை நின்றுவிட்டது.

கழகத்தின் இன்னொரு ஆலையான ஜாகிரோடும் 2017 மார்ச்சில் நின்றது. சம்பளம் நின்றது, பிள்ளைகளின் படிப்பு நின்றது. இரண்டு ஆலைகளிலும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று தொழிற்சங்கங்கள் கணக்குச் சொல்லின. 2019இல் கழகத்தைக் கலைக்க உத்தரவு வந்தது. 2021 செப்டம்பரில்தான் அசாம் மாநில அரசு 570 கோடி ரூபாய் நிவாரணத்துக்கு ஒப்புக்கொண்டது. ஆறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்த பணம், போன உயிர்களைக் கொண்டுவருமா?

எங்கோ அசாமில் நடந்தது நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டாம். ஊர்விட்டு ஊர் வந்து ஆலை வாசலை நம்பி அடுப்பேற்றும் குடும்பங்கள் நாம். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பத்ராவதியிலும் மைசூர் காகித ஆலை ஓய்ந்து கிடப்பதைக் கண்டிருக்கிறோம். ஒரே ஆலை, ஒரே பாதை என்று பிழைக்கும் ஊரில் இரண்டில் ஒன்று நின்றால் முதலில் அணைவது தொழிலாளியின் அடுப்பு.

அகலப்பாதை வேண்டாம் என்பவர்கள் அல்ல நாம். வளர்ச்சி வரட்டும். ஆனால் ஆலை ஊரின் சரக்குப் பாதையை மூடும் அரசு, மூடும் தேதியோடு மூன்று உறுதிகளையும் எழுதித் தர வேண்டும். மூடுமுன் மூலப்பொருள் இருப்பு. மூடியிருக்கும் காலத்தில் லாரிக் கூலியின் கூடுதல் செலவு. வேலை நின்றாலும் நிற்காத சம்பளம். கோடிகளைக் கொட்டிப் பாதை போடுகிறவர்களுக்கு இது பெருஞ்செலவு அல்ல.

பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் திட்டம் தீட்டத் தெரிந்த அரசுக்குத் தொழிலாளியின் சோற்றுக்கும் திட்டம் தீட்டத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், சங்கமாகத் திரண்டு நாம்தான் தெரியப்படுத்த வேண்டும்.