மருந்தின் அளவு

பாளையக்காரர் காலத்தைக் களமாகக் கொண்ட கதைகளை வாசிக்கும்போது ஓர் இடத்தில் நம் வாசிப்பு தவறாமல் தடுக்கிவிடுகிறது. வீரன் துப்பாக்கியை எடுக்கிறான்; சுடுகிறான்; உடனே மீண்டும் சுடுகிறான். இரண்டு வெடிகளுக்கும் நடுவே அவன் எதுவும் செய்வதில்லை. 1801இல் அவன் கையில் இருந்திருக்கக்கூடியது குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, பற்றவைக்கும் துளையருகே சிறிது மருந்து வைத்த பிறகே அதைச் சுட முடியும். நன்கு பழகிய சிப்பாய்க்கே இதற்கு இருபது விநாடியாவது வேண்டும். எதிரி ஓடிவரும்போது அந்த இருபது விநாடி எவ்வளவு நீளமானது! கதை அங்கேதான் இருக்கிறது. நம் எழுத்தாளர்களோ அதைத் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறார்கள்.

இது வெறும் தகவல் பிழை என்று நாம் கருதவில்லை. கைகள் அறிந்ததை எழுத்து மதிக்காத நம் நெடுங்காலப் பழக்கத்தின் ஓர் அடையாளம் என்றே கருதுகிறோம்.

தமிழில் வெடிப்பொருளுக்கும் நோய் தீர்க்கும் பொருளுக்கும் ஒரே சொல்தான்: மருந்து. மலையாளத்தில் 'மருந்நு', தெலுங்கில் 'மந்து', கன்னடத்தில் 'மத்து' என்ற சொற்களுக்கும் இவ்விரு பொருள்களும் உண்டு. சொற்பிறப்பு அறிஞர்கள் இதற்கு என்ன விளக்கம் தந்தாலும் சரி, இரண்டிலும் அளவே உயிர் என்ற எச்சரிக்கையாகவே நாம் இதை வாசித்துக்கொள்கிறோம்.

அளவு என்பது இங்கே அலங்காரச் சொல் அல்ல. பழைய பாணித் துப்பாக்கிகளில் கரிமருந்து கெட்டித்து இலக்குப் பார்த்துச் சுடும் போட்டிகள் இன்றும் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றுக்கென 1971இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமைப்பின் விதிப்படி, முப்பது நிமிடத்தில் பதின்மூன்று முறை சுடலாம். அவற்றில் சிறந்த பத்து கணக்கில் கொள்ளப்படும். போட்டியாளர் ஒவ்வொரு வெடிக்குமான மருந்தையும் முன்கூட்டியே அளந்து சிறு குப்பிகளில் அடைத்துக்கொண்டு வருகிறார். அந்த அளவை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லிவிட முடியாது. ஒரே பட்டறையில் செய்த இரு குழல்கள்கூட ஒரே அளவை விரும்புவதில்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். முதலில் மருந்தின் எடை. பிறகு அதன் மணியின் பருமன். பிறகு குண்டைச் சுற்றும் துணியின் தடிமன். பிறகு இடிக்கும் இறுக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில முறை சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று குறித்துக்கொள்கிறார்கள். மருந்தைக் கூட்டினால் வேகம் கூடும், ஆனால் குறி கூடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஓர் எல்லைக்கு மேல் இட்ட மருந்தில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடும். எரிந்த மருந்திலும் ஏறத்தாழப் பாதி திடமான கசடாகவே எஞ்சுகிறது. அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எனவே காலையில் சரியாக இருந்த அளவு மதியத்தில் தவறலாம். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலை ஒரேபோலத் துடைப்பவர் வெல்கிறார். ஆவேசத்துக்கு அங்கே வேலை இல்லை.

இந்தப் பொறுமையை அறிவியலாக்கிய மனிதர் நம் மண்ணில்தான் இறந்தார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் துப்பாக்கியியல் பற்றிப் புது நெறிகள் வகுத்த நூலை வெளியிட்டார். கனமான மரப்பலகையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு வேகம் என்ற கேள்விக்கு அதன்பிறகே நம்பத்தக்க விடை கிடைத்தது. குழலை ஒரு பக்கமாக வளைத்துச் சுட்டு, குண்டு முதலில் அந்தப் பக்கம் போய்ப் பிறகு எதிர்ப்பக்கம் திரும்புவதைத் தாள்திரைகளில் விழுந்த துளைகளால் காட்டினார். குண்டு சுழல்வதே அதை விலக்குகிறது. அந்தச் சுழற்சியை வரிப்பள்ளங்களால் ஒழுங்குபடுத்தினால் அதுவே குண்டை நேராகச் செலுத்தும் என்றார். அவருடைய நூலை 1745இல் கணிதமேதை ஆய்லர் ஜெர்மனில் பெயர்த்தார். 1750இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்க இங்கே வந்த ராபின்ஸ், மறு ஆண்டு ஜூலை 29 அன்று கடலூரை ஒட்டிய புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் மறைந்தார்.

ராபின்ஸ் எழுதிவைத்தார், எனவே அவர் அறிந்தது நிலைத்தது. எழுதாதவர்கள் அறிந்தது என்ன ஆயிற்று?

தாம்பரத்தில் மின்ரயில் ஏறி வடக்கே வாருங்கள். ஏழு நிலையங்களுக்குள் ஆயுதத்தின் முழு வரலாறும் வந்துவிடும். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம். பாறையில் குழிபோட்டு மருந்து கெட்டித்துக் கல் பெயர்த்த குவாரிகளைக் கண்ட திரிசூலம். அடுத்து, 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்த பரங்கிமலை. கல் கோடரிக்கு அருங்காட்சியகம் உண்டு. பீரங்கிப் படைக்கு ஆவணங்கள் உண்டு. குவாரியில் மருந்து கெட்டித்தவருக்கு ஒன்றுமில்லை. தாம்பரம் நடைமேடையில் ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவருக்கும் ஒன்றுமில்லை.

நாட்டுத் துப்பாக்கியோடு தலைமுறைகளாக வாழ்ந்த சமூகம் அது. எந்தப் பறவைக்கு எந்த ரவை, எவ்வளவு மருந்து, எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் இருந்த கணக்கு. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. அது சரியானதே, 2022இல் ராம்சார் தலமான பள்ளிக்கரணைச் சதுப்பில் மீண்டும் வெடிச்சத்தம் கேட்கவேண்டும் என்று நாம் விரும்பவில்லை. ஆனால் 1959இன் ஆயுதச் சட்டத்தைப் பாருங்கள். உரிமம் வழங்குவது பற்றிய அதன் 13ஆம் பிரிவு, குழல்வாய்த் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்கும், .22 ரைஃபிளையும் காற்றுத் துப்பாக்கியையும் சங்க உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்கும் என்று வகுக்கிறது. வேறு நாடுகளில் விளையாட்டாக வாழ்கிற ஒரு திறன் இங்கே வயற்காட்டுக் காவலாகவும் 'கள்ளத் துப்பாக்கி' என்ற காவல்துறைச் செய்தியாகவும் மட்டுமே மிஞ்சியது.

நரிக்குறவர் பழங்குடிகள் என்பதையே 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் ஏற்றது. அவர்களுடைய வாக்ரிபோலிக்கு எழுத்து இல்லை. அந்த மொழியில் அளவுக்கும் இறுக்கத்துக்கும் குறி தப்புவதற்கும் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று நம்மில் யாராவது உட்கார்ந்து கேட்டோமா? வேட்டையாடிய கடைசித் தலைமுறை முதுமையில் இருக்கிறது.

இலக்கியம் என்ன தொழிற்கையேடா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லைதான். ஆனால் உழவையும் நெசவையும் கடலையும் தொட்டு எழுதியவர்கள் அந்தந்தத் தொழிலின் சொல்லைத் தேடிப்போனபோதுதான் நம் உரைநடை வலுப்பெற்றது. வன்முறையைக் கொண்டாடுகிறீர்களா என்றும் கேட்கலாம். மருந்தின் எடையையும் இருபது விநாடியின் நடுக்கத்தையும் அறிந்தவன் சண்டையை எளிதாகக் கொண்டாடமாட்டான். ஓசையை மட்டும் எழுதுபவனுக்கே கொண்டாட்டம் எளிது.

அடுத்த வரலாற்று நாவலை எழுத உட்காரும் நண்பருக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். ஆவணக்காப்பகத்துக்குப் போகுமுன் ஒருநாள் தாம்பரம் நடைமேடையில் அந்தப் பெரியவர் பக்கத்தில் அமருங்கள். 'எவ்வளவு மருந்து போடுவீங்க, ஐயா?' என்று கேளுங்கள். விடை சொல்லுமுன் அவர் உள்ளங்கை தானாகக் குழியும் என்றே நாம் நம்புகிறோம். அந்தக் குழிவின் அளவை எழுதிவாருங்கள்.