ஒரு பட்டம், மூன்று பட்டியல்கள்

தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணையின் மை உலர்வதற்குள், கோவை அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,791 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்ட மேம்பாலம் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடுவின் பெயரால் திறக்கப்பட்டது. அன்று தொடங்கிய வாதம் நாயுடு என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நின்றுவிட்டது. ஆணையின் தகுதியைச் சோதிக்க விரும்புவோர் மேம்பாலத்தை விட்டு இறங்கி, அதே சாலையின் நீட்சியில் பெருந்துறை வரை வந்து, இந்த வட்டாரத்தின் பேச்சிலும் பத்திரங்களிலும் ஊர்ப் பெயர்களிலும் ஊறிக் கிடக்கும் கவுண்டர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயருக்குப் பின்னால் வரும் சொல் சாதியின் பெயர் என்பதும், அதைச் சுரண்டினால் சாதியிலும் ஒரு துண்டு உதிரும் என்பதும் ஆணைக்கு அடியில் இருக்கும் அனுமானம். கவுண்டர் என்பது சாதியின் பெயர் அன்று. பட்டம், அதாவது பதவியையோ மரியாதையையோ குறிக்கப் பெயரோடு சேரும் ஒட்டு. கன்னடக் கல்வெட்டுகளில் காவுண்ட என வரும் சொல் ஊர்த்தலைவரைக் குறிக்கிறது. கொங்குக் கல்வெட்டுகளில் காமிண்டன் என்ற வடிவம் கிடைக்கிறது. கர்நாடகத்தின் கௌடாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்ப் பொறுப்பு எந்தெந்தக் குடியிடம் இருந்ததோ, அந்தந்தக் குடியிடம் சொல்லும் தங்கியது. கொங்கு வேளாளருக்குள்ளேயே அதற்கு மேற்பட்ட பட்டங்கள் இருந்தன. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் மன்றாடியார் எனப்பட்டனர். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை, தீர்த்தகிரிக் கவுண்டர் என்றும் தீர்த்தகிரி சர்க்கரை மன்றாடியார் என்றும் இரு வகையாகவும் எழுதப்படுகிறார்.

இந்தச் சொல் எத்தனை பேருக்கு உரியது என்பதை அறியக் கல்வெட்டு வரை போகத் தேவையில்லை. அரசின் சாதிப் பட்டியலைப் படித்தாலே போதும். 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்ட கொங்கு வேளாளர் என்ற பதிவின் அடைப்புக்குறிக்குள் இன்று 15 பெயர்கள் உள்ளன. வெள்ளாளக் கவுண்டர், நாட்டுக் கவுண்டர், நரம்புகட்டிக் கவுண்டர், பாலக் கவுண்டர், பூசாரிக் கவுண்டர், அனுப்ப வெள்ளாளக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், படைத்தலைக் கவுண்டர், செந்தலைக் கவுண்டர், பவளங்கட்டி வெள்ளாளக் கவுண்டர், சங்கு வெள்ளாளக் கவுண்டர், இரத்தினகிரிக் கவுண்டர் என்று நீளும் அந்த வரிசையில், திருமுடி வெள்ளாளர், தொண்டு வெள்ளாளர் என்ற இரண்டைத் தவிர மற்ற 13 பெயர்களிலும் கவுண்டர் இருக்கிறது. ஆனால் ஓரிடத்திலும் அது தனித்து நிற்பதில்லை, ஓர் அடைமொழியோடுதான் வருகிறது. வேட்டுவக் கவுண்டர் தனிப் பதிவு. ஊராளிக் கவுண்டர் இன்னொரு பதிவு. அனுப்பக் கவுண்டரோ கௌடா என்ற வேறொரு பதிவுக்குள்ளும் இருக்கிறார். அடைமொழி ஏதுமின்றிக் கவுண்டர் என்று மட்டும் அச்சாகியிருப்பது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், வன்னியகுல சத்திரியர் என்ற பதிவில், படையாச்சிக்குப் பக்கத்தில். பெருந்துறையிலும் காங்கேயத்திலும் சென்னிமலையிலும் கவுண்டர் என்ற சொல் தங்களுக்கு மட்டுமே உரியது என்று நெஞ்சு நிமிர்த்துவோர் இந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும்: அரசின் ஏட்டின்படி வெறும் கவுண்டர் என்பவர் வன்னியர்.

மூன்றாவது பட்டியல் இன்னும் விந்தையானது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளி இனத்தவர், கேரளத்தோடு தொடர்பில்லாத, மலையை ஆள்வோர் என்ற பொருளில் அப்பெயர் பெற்ற மக்கள், தங்கள் பெயரோடு கவுண்டர் என்பதைச் சேர்த்துக்கொள்கின்றனர், அவர்கள் பழங்குடியினர். பழங்குடிப் பட்டியல் இவ்வினத்தைத் தருமபுரி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்ற பழைய மாவட்டங்களோடு கட்டிப்போட்டிருப்பதால், 1979இல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் அதே இனத்தவருக்கு அந்தத் தகுதி கிடையாது. ஒரே பட்டம், ஒரே இனம், மலைக்கு ஒரு சான்றிதழ். பெயர்ப்பலகையில் எந்தச் சாதியை அழிக்கப் புறப்பட்டிருக்கிறது அரசு என்ற கேள்விக்கு அதன் வருவாய்த் துறையிடமே விடை இல்லை.

இந்தப் பட்டம் கடல் கடந்தபோது என்ன ஆனது என்பதை ஆணை எழுதியோர் பார்த்திருக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டங்கள், அங்குள்ள பதிவேடுகளில், தந்தையிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் இறங்கும் குடும்பப் பெயர்களாக உறைந்தன. முதலியார் மூட்லி ஆனார். கவுண்டர் கவுண்டன் ஆனார். 1903 முதல் சென்னையிலிருந்து ஆள் ஏற்றிச் சென்ற பிஜித் தீவிலும் கவுண்டர் குடும்பப் பெயராக நிலைத்தது. டர்பனில் கவுண்டன் என்ற பெயரைக் கொண்டு ஒருவரது முன்னோர் கொங்கு வேளாளரா, வன்னியரா, வேட்டுவரா என்று கண்டுபிடிக்க முடியாது. அங்கே அந்தச் சொல்லை யாரும் தடை செய்யவில்லை, பலகையிலிருந்து சுரண்டவும் இல்லை. நிலமும் காணிக் கோயிலும் சாதிச் சான்றிதழும் கப்பலில் ஏறவில்லை. அவை இல்லாத இடத்தில் பட்டம் வெறும் ஓசையாக மெலிந்தது.

கொங்கு நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பெருந்துறைக்கு அருகிலுள்ள ஈரோட்டின் பெரியார் 1927இல் தம் பெயரிலிருந்து நாயக்கர் என்பதைக் களைந்தார்; 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. தமிழ்நாடு அதைப் பெருமளவு பின்பற்றியது. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ப.சுப்பராயனும், உணவு அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த சி.சுப்பிரமணியமும் கவுண்டர் என்ற ஒட்டு இல்லாமலேயே அரசியலில் நிமிர்ந்து நின்றனர். இன்றும் பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே உண்டு.

பதிவேட்டில் உதிர்ந்த பட்டம் கல்யாணப் பத்திரிகையில் முளைக்கிறது. இப்பகுதியில் அச்சாகும் ஒரு பத்திரிகையை எடுத்தால், குலதெய்வத்தின் பெயருக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டாரின் ஊர், அவர்களது குலம், அதாவது தமக்குள் மணம் செய்துகொள்ளாத தந்தைவழிப் பிரிவான தூரன், காடை, பயிரன், சாத்தந்தை போன்றவற்றுள் ஒன்று, பிறகு கவுண்டர் என்று முடியும் தாத்தாக்களின் பெயர்கள், கடைசியில் ஒட்டு ஏதுமில்லாத, பொறியியல் பட்டம் மட்டும் பெற்ற மாப்பிள்ளை என்று தலைமுறைகள் வரிசையாக நிற்கும். செத்தவருக்கு வைக்கும் கண்ணீர் அஞ்சலித் தட்டிகளில் பட்டம் இன்னும் பெரிய எழுத்தில் வரும். 1992இல் வெளியான சின்னக் கவுண்டர் திரைப்படம், துண்டு போட்ட நீதிமான் என்ற படத்தை இந்தச் சொல்லுக்கு மாட்டிவிட்டதை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். (டிக்கெட் கவுண்டர்களின் பலகைகளைச் சுரண்டும் ஆர்வம் எந்த நகராட்சிக்கும் வராது என்று நம்புவோம்.)

இவற்றில் எதையும் ஆணை தொடவில்லை. அது தொடுவது ஊர்ப் பெயரை. கோபிசெட்டிபாளையத்தை மக்கள் கோபி என்று எப்போதோ சுருக்கிவிட்டார்கள். கவுண்டம்பாளையம் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர். திருப்பூர் மாவட்டம் அவினாசிக்கு அருகில் திருமலைக்கவுண்டம்பாளையம் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் சமூகத்துப் பெண் வரக் கூடாது என்று 2018இல் ஆதிக்க சாதியினர் தடுத்தனர், அதிகாரிகள் அவரை இடம் மாற்றினர், எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அதைத் திரும்பப் பெற்றனர். இனி அந்த ஊரைத் திருமலைப்பாளையம் என்று அழைக்கலாம், மல்லிகைப்பாளையம் என்றும் அழைக்கலாம். ஊர்ப் பெயரில் ஐந்து எழுத்து குறைந்தால் அன்று அடுப்பை மறித்த கை குறுகிவிடும் என்று கோட்டையில் இருப்போர் நம்புகிறார்கள் என்றால், அவர்கள் கொங்கு நாட்டின் தோட்டத்துச் சாளைக்குள், அதாவது பண்ணை வீட்டுக்குள், ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அங்கே பட்டம் விளிச்சொல்லாக வாழ்கிறது. வயதில் மூத்த கூலியாள் தோட்டக்காரரின் மகனைக் கவுண்டரே என்று அழைக்க, அந்தப் பையன் அவரைப் பெயர் சொல்லி ஏவிய உலகத்தைப் பெருமாள்முருகனின் கூளமாதாரி நாவல் பதிவு செய்திருக்கிறது. அந்த விளியை எந்த அரசாணையால் சுரண்ட முடியும்?

வரலாறு அழிகிறது என்று கூக்குரல் எழுப்பும் எதிர்த்தரப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் வரலாறு என்று சொல்வது பெரும்பாலும் காரின் பின்கண்ணாடியில் ஒட்டும் தாள். காமிண்டன் எந்தக் கல்வெட்டில் இருக்கிறான் என்று கேட்டால் விழிப்பார்கள். பலகையை மாற்றுவதே முதற்படி என்று வாதிடும் முற்போக்காளர்களுக்கோ, எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலேயே தெருப்பலகைகள் சுரண்டப்பட்டன என்பதும், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே முதற்படியில்தான் நிற்கிறார்கள் என்பதும் நினைவில் இல்லை.

பட்டத்துக்கு இன்று உயிர் கொடுப்பது அரசின் பட்டியல்தான். இட ஒதுக்கீடு தொடர வேண்டும். அதற்குப் பின்தங்கிய நிலையைக் காட்டும் ஒரு குறியீட்டு எண் போதும், கவுண்டர் என்று சான்றிதழில் அச்சடித்து வட்டாட்சியரின் முத்திரையோடு வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. அப்படிச் செய்தால் ஒரே தலைமுறையில் கொங்கு நாட்டின் கவுண்டரும் டர்பனின் கவுண்டனைப் போல வெறும் பெயராகிவிடுவார். சாதிப் பெயர் ஒழிப்பில் அரசுக்கு உண்மையான அக்கறை இருக்குமானால், தெருவுக்கு வண்ணக்காரரை அனுப்புவதற்கு முன் தன் சொந்தப் பட்டியலிலுள்ள அந்தப் 13 கவுண்டர்களிடமிருந்து வேலையைத் தொடங்கட்டும்.