திறப்பு விழாவும் திறப்பும்



ஆசிரியத் தொழில் புரிபவனுக்கு ஊரில் ஒரு தொல்லை உண்டு. கலியாண அழைப்பிதழில் எழுத்துப்பிழை பார்ப்பது முதல் காணி உறுதிக்குப் பொருள் சொல்வது வரை எல்லாவற்றுக்கும் அவனே அறிஞன் என்று ஊரவர் எண்ணிவிடுவர். எமது பகுதிப் பிரதேச சபையினர் பொது மண்டபம் ஒன்று கட்டுவதற்கென அமைத்த ஆலோசனைக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டமைக்கு இதுவே காரணமாதல் வேண்டும். கட்டடக் கலையில் எனக்குள்ள அறிவு, என் வீட்டு மதில் ஒருமுறை சரிந்தபோது பெற்ற அறிவு மாத்திரமே.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், உறுப்பினரல்லாத ஊரவரையும் சபையின் ஆலோசனைக் குழுக்களிற் சேர்த்துக்கொள்ள இடந்தருகின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், ஆலோசனை எப்பொழுது கேட்கப்படுகின்றது என்பதிலன்றோ அதன் பயன் தங்கியிருக்கின்றது?

நான் சென்றபோது மேசைமீது வரைபடம் விரிக்கப்பட்டிருந்தது. அருகில் நிறந்தீட்டிய படமொன்று. முகப்பில் நான்கு பெருந்தூண்கள், மேல்மாடி, சுற்றிலும் எமது ஊரில் ஒருநாளும் முளைத்தறியாத மரங்கள். அடிக்கல் நாட்டும் நாளும் குறித்தாயிற்று. "மாஸ்டர், மண்டபத்துக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லவேணும்" என்றார் தவிசாளர். என்னிடம் அவர்கள் எதிர்பார்த்த ஆலோசனை அவ்வளவே.

பெயர் சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணத்தைக் கூறிவிடுகிறேன். அயற்கிராமம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல ஒரு கட்டடம் எழுந்தது. திறப்பு விழா வெகு சிறப்பாக நடைபெற்றது; ஆனால், திறப்பு யாரிடம் இருப்பது என்பதை ஒருவரும் தீர்மானிக்கவில்லை. இன்று அதன் விறாந்தையில் ஆடுகள் படுத்திருக்கின்றன. மாலை வேளைகளில் என் மாணவர் சிலரும் அங்கே குந்தியிருந்து படிக்கின்றனர். அவர்களின் வீடுகளில் ஓர் அறைதான். அதற்குள்ளே தொலைக்காட்சியும் கைக்குழந்தையும் பாட்டனாரின் இருமலும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளை எங்கே போவான்? பூட்டிய கதவுக்கு வெளியே, தெருவிளக்கின் எச்ச ஒளியில், அவன் இரசாயனம் படிக்கின்றான். கதவின் அருகிலே பெயர்கள் பொறித்த பளிங்குக்கல் மட்டும் பளபளவென்றிருக்கின்றது.

அன்றைய கூட்டத்தில் நான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையைச் சொன்னேன். தெரிந்த கதைதானே என்று சிலர் முகஞ்சுளித்தனர். எரிந்த கதை எல்லோருக்குந் தெரியும். கட்டிய கதையை அறிந்தவர் சிலரே.

1933இல் க. மு. செல்லப்பா என்ற தனியொருவர் தமது இல்லத்தில் தொடங்கிய வாசிப்பு முயற்சி, 1935இல் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்புக்கு வந்தது. 1949இல் யாழ்ப்பாணம் மாநகரமாகிய பின், முதல்வர் சாம் சபாபதி அவர்கள் ஒரு பெரிய நூலகம் அமைக்க எண்ணியபோது, முதலில் அடிக்கல்லைத் தேடவில்லை. 1952 ஜூன் 14ஆம் நாள் ஊரின் பெரியோரைக் கூட்டினார். சம்பத்திரிசியார் கல்லூரியின் வண. லோங் அடிகளார் அம்முயற்சியின் உயிர்நாடியாய் நின்றார். சைவமும் கிறித்தவமும் அங்கே ஒரே வாங்கில் அமர்ந்தன. நூலகம் எப்படி இயங்கவேண்டும் என்று கேட்பதற்கு இந்திய நூலகவியல் மேதை எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களை அழைத்தனர். கட்டடத்தைத் திராவிடப் பாங்கில் வரையச் சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வந்தார். களியாட்ட விழாக்கள் நடத்திப் பணம் திரட்டினர். இவ்வளவும் ஆன பின்னர்தான், 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டப்பெற்றது.

கட்டடம் முற்றுப்பெறும்வரை அவர்கள் காத்திருக்கவுமில்லை. 1959 ஒக்டோபர் 11இல் திறந்தனர். சிறுவர் பகுதி 1967இலும் கேட்போர் கூடம் 1971இலும் வந்து சேர்ந்தன. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்பது இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் இறுதியானது. அவரது ஆலோசனையைக் கேட்ட ஊர் அதன்படியே நடந்துகொண்டது. 1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் தீக்கிரையாயின. பின்னர் மீளக் கட்டியபோதும் நரசிம்மன் வகுத்த தோற்றத்தையே பின்பற்றினர்.

"அது மாநகரம், மாஸ்டர். எங்களுக்கு வந்த காசு டிசெம்பர் 31க்குள்ளை செலவழியாட்டித் திரும்பிப் போயிடும்" என்றார் தொழினுட்ப உத்தியோகத்தர். அவர் சொன்னதிலும் நியாயமுண்டு. ஏழாண்டு காத்திருக்க இன்று எந்தச் சபைக்கும் இயலாது. ஒதுக்கிய பணம் ஆண்டு முடிவில் திறைசேரிக்குத் திரும்பும் என்ற அச்சமே எம்முடைய பல கட்டடங்களின் உண்மையான சிற்பி.

அப்போதுதான் மாதர் சங்கத்தின் சார்பில் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த ஆச்சி எழுந்தார். என்னை நோக்கியே கேட்டார்: "தம்பி, அந்தக் காணியை மாரியிலை பாத்தனீரோ?"

நான் பார்த்ததில்லை. வரைந்தவரும் பார்த்ததில்லை, அவர் வந்தது ஆவணி வெயிலில். அக்காணியின் மேற்குப் பாதியூடாகவே ஊரின் வெள்ளம் வடிந்து குளத்தைச் சேருகின்றது. 2008 நவம்பரில் நிஷா புயல் வீசியபோது அவ்விடத்தில் இடுப்பளவு வெள்ளம் நின்றதாக ஆச்சி கையால் அளந்து காட்டினார். நான்கு தூண்களும் எழுவதாகப் படத்திலிருந்தது சரியாக அவ்விடத்தில்தான்.

அதன்பின் பேச்சு வேறு வழியிற் சென்றது. மண்டபத்தைக் கிழக்கு மேட்டுக்கு நகர்த்தலாம் என்று உத்தியோகத்தரே கூறினார். மலகூடக் குழி பொதுக்கிணற்றுக்கு அண்மையில் இருப்பதையும் அவரே கண்டு திருத்தினார். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே எமது கிணற்றுநீர். குழியின் அழுக்கும் அதே இடுக்குகளின் வழியே செல்லும். கூரைநீரைத் தொட்டியொன்றிற் சேர்க்கவும் இணங்கினார்.

நான் ஓரிடத்தில் தோற்றேன் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மாணவர் அமைதியாகப் படிப்பதற்கு வாசிகசாலை மேல்மாடியில் அமைவதே நன்று என்று உருக்கமாக வாதாடினேன். ஆச்சி மறுபடியும் எழுந்தார். "பத்திரிகை பாக்க வாற கிழடுகள் படி ஏறுமோ? பொம்பிளைப் பிள்ளையளை இருட்டினாப் பிறகு மேலை தனிய விடுவினமோ?" இரண்டு கேள்விக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. வாசிகசாலை கீழே, தெருவைப் பார்த்தபடி அமையும். மேல்மாடியே வேண்டாம் என்றாயிற்று. மிஞ்சும் பணம் மேசைக்கும் மின்விளக்குக்கும் உதவும்.

ஆண்டு முடிவுக்குள் நீர் வடியும் வாய்க்கால், மலகூடம், அத்திவாரம் ஆகியவற்றை முடிப்பதென்றும், மண்டபத்தை வரும் ஆண்டின் பணத்திற் கட்டுவதென்றும் தீர்மானமாயிற்று. தவிசாளர் முகத்தில் மகிழ்ச்சியில்லை. அடிக்கல் விழாவுக்கு அழைத்த பெரியவரிடம் என்ன சொல்வது என்பது அவருடைய கவலை. அதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. வாக்குக் கேட்டு வீடுவீடாகப் போகவேண்டியவர் அவரேயன்றி நானல்லேன்.

திறப்பைச் சனசமூக நிலையத்தார் தம்மிடம் தரவேண்டும் என்கின்றனர். மாதர் சங்கத்தார் தம்மிடமே என்கின்றனர். அன்று அந்த விவாதம் இரவு எட்டு மணியைக் கடந்தும் முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் இதுவே முதல் விடயம். மண்டபத்துக்குப் பெயர் வைப்பது நிகழ்ச்சிநிரலின் கடைசியில் இருக்கின்றது.