கிராமப் படமும் குடியானவர் கடமையும்

பூகோள சாஸ்திரம் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியதென்றும், ஏர் பிடிப்பவனுக்கும் ஊர்க்கணக்கு எழுதுபவர்க்கும் அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லையென்றும் நம்மிற் பலர் எண்ணி வருகின்றனர். தன் நிலத்தின் மேடு பள்ளத்தையும், அதற்கு நீர் வரும் வழியையும், மிகுந்த நீர் வெளியேறும் வழியையும் அறியாதவன், அந்நிலத்திற்குப் பட்டாதாரனே ஆயினும், அதனை முற்றும் அறிந்தவன் ஆகான். இவ்வறிவைத் தருவது கிராமப் படம். அதனைப் படிக்க ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் பழகிக்கொள்ள வேண்டுமென்பதே யான் இங்கு வற்புறுத்தக் கருதும் விஷயம்.

பசுமலைக் குன்றின்மேல் நின்று நோக்குவோர்க்குத் தெற்கே திருப்பரங்குன்றமும், வடமேற்கே நாகமலைத் தொடரும், வடபால் மாடக்குளம் கண்மாயும் புலப்படும். பாண்டியர் கல்வெட்டுக்களில் நம் நகரம் மாடக்குளக்கீழ் மதுரை என்று குறிக்கப்படுகின்றது. நகரத்தைக் கொண்டு குளத்தை அடையாளம் கூறாமல், குளத்தைக் கொண்டு நகரத்தை அடையாளம் கூறினார்கள் நம் முன்னோர். ஓர் ஊரின் இருப்பிடம் அதன் நீரால் நிச்சயிக்கப்படுகின்றது என்னும் பூகோள உண்மையை இதனினும் சுருக்கமாகச் சொல்லல் அரிது. தல்லாகுளம், உலகனேரி முதலிய பெயர்களும் இதற்கே சாட்சி பகருகின்றன.

நம் பக்கத்துக் கிராமம் எதனையும் எடுத்துக்கொள்க. வரத்துக்கால் மேற்புறத்து நீரைக் கொணரும், கண்மாய் அதனைத் தேக்கும், மடையின் கீழ் நன்செய் விரியும், நீர் ஏறாத மேட்டில் புன்செய் அமையும், வெள்ளம் எட்டாத திடலில் வீடுகள் நெருங்கி நிற்கும், அதுவே நத்தம். கலுங்கு வழியே மறுகால் பாயும் நீர் அடுத்த ஊர்க் கண்மாயைச் சென்று நிரப்பும். கிணற்றுப் பாசனம் மிகுந்த கொங்கு நாட்டிலோ, ஒவ்வொருவரும் தம் தோட்டத்திலேயே வீடு கட்டி விலகி வாழ்வது வழக்கம். கண்மாய்ப் பாசன ஊரார் கூடி வாழ்வதும், கிணற்றுப் பாசனத்தார் பரவி வாழ்வதும் நீரின் இயல்பை ஒட்டியனவாம்.

இவ்வமைப்பு முழுவதையும் ஒரு காகிதத்தில் அடக்கிக் காட்டுவது படம். 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையை அடுத்து லாம்டன் துரை அடித்தளக் கோடு அளந்து, தேசம் முழுவதையும் முக்கோணங்களாக அளக்கும் பெருவேலையைத் தொடங்கினார். வயல் வயலாக அளந்த அளவைகள் வேறு. இவற்றை அறிய வேண்டுவன சிலவே: திசை, அளவுத்திட்டம், குறியீடு, சர்வே எண். 5,000-க்கு 1 என்ற அளவில் வரைந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 2,500 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 62 சென்ட். இதனைக் கணக்கிட ஒரு குழந்தையும் கற்றுக்கொள்ளலாம்.

படம் பாராமையால் விளையும் கேட்டிற்கு யானே உதாரணம். உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், ஒரு கிராமத்துக் குடியானவருக்கு அவருடைய இரு புன்செய்த் துண்டுகளை இணைத்து மட்டப்படுத்துமாறு யோசனை கூறினேன். இடையே முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் இருந்தது; ஆண்டிற் பெரும்பகுதி வறண்டு, முட்செடி மண்டிக் கிடந்தது. அதனை நிரவச் செய்தேன். சோளம் நன்கு விளைந்தது. யானும் பெருமை கொண்டேன். அடுத்த ஐப்பசி மழையில், மேற்கண்மாயின் மறுகால் நீர் வழி காணாமல் அண்டை நன்செயில் ஏறி நின்று, நட்ட நெல்லை அழுகச் செய்தது. கீழ்க்கண்மாயோ பாதியும் நிறையவில்லை. கிராம அதிகாரி படத்தை விரித்துக் காட்டினார். யான் பள்ளம் என்று கருதியது தனிச் சர்வே எண் உடைய ஓடைப் புறம்போக்கு! ஓடையை மீண்டும் வெட்டுவித்தோம். ஆனால் அழுகிய பயிர் மீளவில்லை. இரு குடும்பத்தாரும் ஒருவரோடொருவர் பேசவும் நெடுநாள் ஆயிற்று. அரை நாழிகை படம் பார்த்திருப்பின் இத்துணையும் நேர்ந்திராது.

இக்காலத்தில் அபாயம் இன்னும் பெரிது. ஓடையை உழுதவன் கலப்பையை எடுத்துவிட்டால் நீர் தன் வழியை மீளப் பெறும். ஓடைமேல் மனை பிரித்து வீடு கட்டிவிட்டால் பெறுவது எங்ஙனம்? 2024 அக்டோபர் மாத மழையில் செல்லூர்ப் பகுதியில் தெருக்களில் நீர் புகுந்ததை நாம் கண்டோம். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கவே செய்கின்றன. எனினும், ஓடை எங்கே இருந்தது என்று ஊரில் ஒருவரும் அறியாவிடில், சட்டம் யாரைக் கேட்டு நடவடிக்கை எடுக்கும்?

"படம் காப்பது அதிகாரியின் வேலை" என்பர் சிலர். அதிகாரி மாறுதலாகிச் செல்வார், ஊரார் செல்லார். "கைப்பேசியிலேயே படம் தெரிகின்றதே" என்பர் வேறு சிலர். வானிலிருந்து எடுத்த படம் இன்று இருப்பதையே காட்டும். இருந்திருக்க வேண்டியதைக் காட்டாது. அதற்கு அளவைப் படமே பிரமாணம். புலப்படத்தை இணையவழியில் பெறவும் இப்போது வசதி உண்டு.

ஆதலின் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். ஒவ்வோர் ஊரிலும் பொது இடத்தில் கிராமப் படத்தின் நகல் ஒன்றைப் பெரிதாக எழுதி மாட்டுக; கண்மாய், ஓடை, வாய்க்கால்களுக்கு நீல வர்ணம் இடுக. ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்னர், கிராம அதிகாரியும் ஆயக்கட்டுதாரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் படத்தைக் கையில் கொண்டு வரத்துக்காலை ஆதியோடந்தமாக நடந்து பார்த்து வருக. நிலம் வாங்குவோர் கிரயம் பேசுமுன் பத்திரத்தோடு படத்தையும் பார்க்க. எல்லைக்கல்லைப் பிடுங்குபவன் அயலானுக்கு மட்டுமன்றித் தன் பேரனுக்கும் தீங்கு செய்பவன் ஆவான்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நாள் உழைப்பே போதும். வரும் புரட்டாசியில் நம் ஊர்களில் ஒன்றாவது இதனைத் தொடங்குமாயின், பார்த்துப் பிற ஊர்களும் பின்பற்றும் என்பது எனது அபிப்பிராயம்.